அவசரம் இல்லை

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில், மாணவர்கள் புதிதாக எதையாவது கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு நான்தான் பொறுப்பாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவள் நான். அந்த ஒர்க்‌ஷாப்பில் பாதியை இடித்து, சுவருக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத பஞ்சு மூட்டைகளை வாங்கிப் போட்டபோது, சாவி யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தது. ஏற்கெனவே அது என் இடுப்பில்தான் இருந்தது. இப்படித்தான் நான் புதுமையை வளர்ப்பவள் ஆனேன்.

எனக்குச் சொந்த ஊர் ராணிப்பேட்டைப் பக்கம். கல்யாணமாகிச் சித்தூருக்கு வந்தேன். தினமும் காலையில் சித்தூரிலிருந்து பஸ். சந்திரகிரி தாண்டும்வரை எனக்குள் தமிழ் ஓடும், அதற்கப்புறம் தெலுங்குக்கு மாறிவிடும். சாயங்காலம் திரும்பும்போது அப்படியே தலைகீழ். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, இந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் அப்படித்தான். ஆனால் வந்த புதிதில் நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். மொட்டைக்கு இங்கே 'குண்டு' என்பார்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "குண்டா அம்மா?" என்றார். மொட்டை போடப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார் மனுஷன். என் உடம்பைச் சொல்கிறார் என்று நினைத்து அங்கேயே அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

அந்த அறை திறந்த புதிதில் ஹைதராபாத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். மனிதரை நடுவில் வைத்துத்தான் எந்தப் பொருளையும் வடிவமைக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். கலர் கலராகச் சீட்டுகளை ஒட்டவைத்தார். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களிடம் போங்கள், பாருங்கள், கேளுங்கள். தேவையா என்று கேளுங்கள், தேவையில்லை என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள், உங்கள் மூளையில் உதித்தது என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்றார். ஆள் பேசிய விதம் எனக்கு எரிச்சலாக இருந்தாலும் விஷயம் சரியாகத்தான் பட்டது. எங்கள் பையன்கள் அதுவரை செய்துகொண்டிருந்தது என்னவென்றால், யாரும் கேட்காத ட்ரோனும், கைதட்டினால் எரியும் விளக்கும். கைதட்டுவதற்குப் பதில் ஸ்விட்சைப் போடலாமே என்று நான் சொன்னால் என்னைப் பழைய காலத்து ஆள் என்பார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் அவள் இருந்தாள். வெதுருகுப்பம் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, நிலத்தில் வேர்க்கடலையும் தக்காளியும். கையில் எப்போதும் ஒரு கம்பித் துண்டு இருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுகூட மேஜைக்கு அடியில் எதையோ வளைத்துக்கொண்டிருப்பாள். டிவியில் பார்த்துப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவள். என்னிடம் வேண்டுமென்றே தமிழில் பேசுவாள். "எனக்குத் தமிழ் பாகா வரும் மேடம்" என்பாள். தெலுங்கில் பாகா என்றால் நன்றாக. அந்த ஒரு வாக்கியத்திலேயே எவ்வளவு பாகா வரும் என்று தெரிந்துவிடும்.

அவளிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. கெட்ட குணம் என்று சொல்லலாமா என்றும் தெரியவில்லை. யாராவது ஒரு தரம் வேண்டாம் என்றால் போதும், அதோடு சரி. முதல் வருஷத்தில் ஹாஸ்டலில் துணி காயப்போட மடக்குக் கொடி ஒன்று செய்தாள். அழகான வேலை. பக்கத்து அறைப் பெண் ஒருத்தி "இது எதுக்குடி, ஜன்னல் இருக்கே" என்று சிரித்தாளாம். மறுநாள் அது குப்பையில் கிடந்தது. நான் எடுத்து வந்து அலமாரியில் வைத்தேன், இன்றைக்கும் என் டவலை அதில்தான் காயப்போடுகிறேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் முழுக்க அவள் எதையும் செய்யவில்லை. திரும்ப வந்தபோது எனக்கு ஒரே கவலைதான். இன்னொரு தரம் இவள் கையை மடக்கிக்கொண்டால், அப்புறம் விரிக்கவே மாட்டாள். வளர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்த அத்தனை பேரிலும் நிஜமாகவே கையில் சரக்கு உள்ளவள் இவள் ஒருத்திதான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், உண்மை அதுதான்.

அவள் கொண்டுவந்த யோசனை லாட்ஜ் குளியலறைகளைப் பற்றியது. அவளுடைய சொந்தக்காரர்கள் மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டுக் கீழே ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். பார்க்கப் போனவள், அறை சுத்தம் செய்யும் பெண்களைப் பார்த்திருக்கிறாள். மொட்டை போட்டவர்கள் கழுத்திலும் சட்டைக்குள்ளும் ஒட்டிய பொடி மயிரோடும் தலையில் சந்தனத்தோடும் வந்து மறுபடி குளிப்பார்கள். பெண்களின் நீள முடியும் அதோடு சேரும். சந்தனம், சோப்பு, முடி எல்லாம் கலந்து தண்ணீர் போகும் ஓட்டையில் போய்க் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். அதை அந்தப் பெண்கள் விரலை விட்டுத்தான் இழுக்கிறார்கள். ஒரு அறை முடிந்தால் இன்னொரு அறை, நாள் முழுக்க இதே வேலை.

"சென்சார் வெச்சி, அடைச்சா ஆப்ல மெசேஜ் வர்ற மாதிரி பண்லாம் மேடம்" என்றாள்.

"ஆப்பா? அவங்களுக்கு நீ ஆப்பு வெக்காம இருந்தாப் போதும்" என்றேன். "அடைச்சிக்கினு இருக்குன்னு அவங்களுக்கே தெரியுமே! அதைச் சொல்றதுக்கு ஒரு போனா? போய் அங்கேயே உட்கார். வாயைத் திறக்காதே. அவங்க கை என்ன பண்ணுதுன்னு பார்."

அவள் போய் உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் லாட்ஜ் வராந்தாவில் தண்ணீர் பக்கெட் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்வாள். அந்தப் பெண்கள் எல்லாரும் திருத்தணிப் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் போகிறவர்கள். தெலுங்கு அவர்களுக்கு மேனேஜர் திட்டுவது புரியும் அளவுக்குத்தான். இவளை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. "வந்துட்டா பாரு கலெக்டரு, எழுதிக்கினு போறதுக்கு" என்று கிண்டல் செய்வார்களாம். சோறு துன்னும்போது இவளுக்கும் ஒரு உருண்டை எடுத்து வைப்பார்களாம்.

ஒருநாள் நானும் போய்ப் பார்த்தேன். அவர்களில் ஒருத்திக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி வந்து, நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கலாம், கலகலப்பானவள். விரலில் துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர் மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். கிளவுஸ் தரமாட்டார்களா என்றேன். "குடுப்பாங்க யக்கா. அது போட்டுக்கினா முடி வழுக்கிக்கினே போவும். நீயே போட்டுப் பாரேன்" என்றாள். பயிற்சியாளர் பெயின் பாயின்ட், பெயின் பாயின்ட் என்று வாய் ஓயாமல் சொன்னாரே, அது இங்கே வீங்கிப்போய் என் கண்முன்னால் இருந்தது.

எங்கள் கல்லூரிப் பெண் முதலில் செய்து கொண்டுபோனது இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டிய ஒரு குழாய். அவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சுவரில் சாத்திவைத்தார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இன்னும் சில நாள் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒருநாள் ஓடி வந்து என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, "மேடம், அவங்களுக்கு ஒரு கைதான் இருக்கு!" என்றாள். இடது கை ஓயாமல் சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் ஓடினால்தான் முடி மேலே கிளம்பும். அதனால் மீதி இருப்பது ஒரே கை. நானும் அதையெல்லாம் பார்த்தவள்தான். என் கண்ணுக்கு அது படவில்லை. அந்த நிமிஷம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. "சரி சரி, மேஜையிலிருந்து கையை எடு" என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் பிறந்ததுதான் நண்டு. பெயர் அந்தப் பெண்கள் வைத்தது. பழைய குடைக் கம்பிகள் மூன்றை நுனியில் கொக்கியாக வளைத்து, முழ நீளப் பிடியில் பொருத்தியிருந்தாள். ஓட்டைக்குள் விட்டு, மணிக்கட்டை ஒரு திருகு திருகினால் முடி கொக்கியில் சுற்றிக்கொள்ளும். மேலே இழுத்து, பிடியில் இருக்கும் வளையத்தைக் கட்டைவிரலால் கீழே தள்ளினால் சுருண்ட முடி கழன்று பக்கெட்டில் விழும். விரல் ஓட்டையைத் தொடவே வேண்டாம். முதல் நண்டு துருப்பிடித்தது, அடுத்ததற்கு வளையம் சிக்கியது. மூன்றாவது நன்றாக வந்துவிட்டது. இனி நல்ல எஃகில் நாலைந்து செய்து அவர்களிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அதற்கு முன்னால் அவள் பாடத்தில் சொன்னபடி கேட்கப் போனாள். தேவையா என்று கேட்க வேண்டுமே! மறுநாள் அறைக்கு வந்தவள், நண்டை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவசரம் லேதன்னாரு மேடம்" என்றாள் தெலுங்கில். "போயி சதுவுகோமன்னாரு."

தேவையில்லை என்றார்கள், போய்ப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அந்தப் பெண்கள்மேல் பொல்லாத கோபம் வந்தது. சோறு போட்டுக் கொஞ்சி, விரலைக் காட்டி, பெயரும் வைத்துவிட்டு, கடைசியில் இதென்ன பேச்சு? மேனேஜர் மிரட்டியிருப்பானோ என்றுகூட யோசித்தேன். ஆனால் பாடம் பாடம்தானே. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் விட்டுவிட வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். அவளும் அவர்கள் சொன்னதை அப்படியே கேட்டு, அப்படியே விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அறைக்கு வரவில்லை. நான் செய்யாதது இல்லை. கூப்பிட்டு நயமாகப் பேசினேன், இதெல்லாம் சகஜம் என்றேன். தோல்விதான் வெற்றிக்குப் படி என்று எங்கள் சுவரில் ஆரஞ்சுமேல் வெள்ளையில் எழுதியிருக்கிறதே, அந்த மாதிரி என் வாயிலிருந்தும் நாலு வாக்கியம் வந்தது. சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. கேன்டீனில் ஒருநாள் பொறுமை போய், "நீ என்ன தொட்டாச்சிணுங்கியா? உலகத்துல யார்கிட்டயும் யாரும் வேணாம்னு சொன்னதே இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்குப் பரீட்சை எழுதித் தேறினாள் என்று கேள்விப்பட்டேன். நல்ல வேலை. அவளுடைய நைனா ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தாராம். எனக்கும் ஒரு லட்டு வந்தது.

பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருப்பேன். புதிதாக ஒன்றைச் செய்யும் பிள்ளைகளுக்குத் தோல் கொஞ்சம் மெல்லியதாகத்தான் இருக்கிறது. அடுத்தவள் விரல் வீங்கியிருப்பது இவள் கண்ணில் பட்டதற்கும், அடுத்தவள் சொன்ன ஒரு சொல் இவளை இப்படி அடித்ததற்கும் அந்தத் தோல்தான் காரணம். கொஞ்சம் தடிமனாக்கிக்கொள் என்று சொல்வது சுலபம். தடித்துவிட்டால் அப்புறம் அவளுக்கும் ட்ரோன் பையன்களுக்கும் என்ன வித்தியாசம்? இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. பயிற்சியாளரும் இதைச் சொல்லிக்கொடுக்காமல்தான் போனார்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், ரயில்வே ஸ்டேஷன் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "யக்கா! காலேஜ் யக்கா!" என்று குரல் கேட்டது. விரல் வீங்கியிருந்தாளே, அவள்தான். ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். இப்போது விரலில் பெரிய கட்டு. ஆஸ்பத்திரியில் நகத்தையே எடுத்துவிட்டார்களாம்.

"இன்னாக்கா, அந்தப் பாப்பா எங்க? ஆளையே காணோம். நண்டு இன்னும் ரெடி ஆவலியா?"

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "நல்லாக் கேட்டீங்கம்மா! வேணாம்னு மூஞ்சியில அடிச்சாப்பல சொல்லி அனுப்பினது நீங்கதானே? இப்ப வந்து நண்டு ரெடியான்னா?"

"அடக் கடவுளே! யாரு வேணாம்னது? எங்கம்மா சத்தியமா நாங்க அப்டிச் சொல்லலக்கா."

"அப்ப அவ பொய் சொல்றாளா?"

"இன்னா பொய்யோ, இன்னா நெஜமோ. பாப்பா வந்து கேட்டுச்சி, 'அக்கா, இது உங்களுக்கு அவசரமா'ன்னு. பரிட்ச வேற வருதுன்னு முன்னியே சொல்லிக்கினு இருந்திச்சி. நம்மளால படிக்கிற புள்ள பெயிலாயிடப் போவுதுன்னுட்டு, 'எங்களுக்கு ஒண்ணியும் அவசரம் இல்லமா, நீ போய்ப் படி'ன்னோம். இதுல இன்னா தப்பு?"

டீ கிளாஸ் கையிலேயே நின்றுவிட்டது. அவசரம். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இவள் 'தேவையா' என்று தன் மொழியில் கேட்டிருக்கிறாள். அவர்கள் அதைச் 'சீக்கிரம் வேண்டுமா' என்று தங்கள் மொழியில் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் பரபரப்பில்லை தாயி, நீ நல்லாப் படி என்று அவர்கள் சொன்ன கரிசனம், எங்களுக்கு இது தேவையே இல்லை, போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்று இவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் வந்து அந்தச் சொல்லை ஒரு எழுத்து மாற்றாமல் என்னிடம் தெலுங்கில் சொன்னாள், நானும் தெலுங்கில் கேட்டுக்கொண்டேன். எல்லாரும் நிஜத்தைத்தான் பேசியிருக்கிறோம்.

நான் கட்டுப் போட்டவளுக்கு விளக்கிச் சொன்னேன். முதலில் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "அப்ப அது இவ்ளோ நாளா அழுதுக்கினா இருந்திச்சி?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான், ரோட்டில் நின்றுகொண்டு என்ன பண்ணுவது. போகும்போது இன்னொன்றும் சொன்னாள். குளியலறை வேலை செய்ய முடியாவிட்டால் நின்றுகொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். இப்போது இடது கையால்தான் தட்டுத்தடுமாறி எடுத்துக்கொண்டிருக்கிறாளாம்.

மறுநாள் மதியம் ஹாஸ்டலுக்குப் போனேன். எங்கள் பெண் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், அடுத்த வாரம் பெங்களூர். விஷயத்தைச் சொன்னேன். அவள் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அவங்க எனக்காக வெயிட் பண்ணிட்டு இருந்தாங்களா மேடம்?"

"ஆமா."

"அந்த அக்கா வேலு?" வேலு என்றால் விரல்.

"நகத்தை எடுத்துட்டாங்க."

அவள் குலுங்கி அழுதாள். நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் வரல மேடம். இந்த தடவை அர்த்தம் மாறிப்போச்சு, சரி. அடுத்த தடவை எவராவது நிஜமாவே வேணாம்னா? மறுபடி இந்த மாதிரி ஆவேன். எனக்கு இது சரிப்படாது" என்றாள்.

நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன், பஸ்ஸில் முழு வழியும். அதெல்லாம் மறந்துபோயிற்று. "நிஜமா வேணாம்னா அன்னிக்கு அழுதுக்கலாம், நானும் கூட உட்கார்ந்து அழறேன். இப்ப எழுந்து செருப்பை மாட்டு" என்றேன். அலமாரியிலிருந்து எடுத்து வந்த நண்டு என் பைக்குள் இருந்தது. பை ஓரத்தில் அதன் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொக்கி வளைஞ்சிருக்கு. யாரு இப்படி அழுத்தி வெச்சது?" என்றாள். நான்தான். அப்புறம் செருப்பை மாட்டினாள்.

நாங்கள் போனபோது மதியம் திரும்பியிருந்தது. அறைகள் காலியாகி, வராந்தா முழுக்க அழுக்குப் படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்தன. பெண்கள் எல்லாரும் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள், ஒருத்தி "கூறு கெட்ட புள்ள, ஒரு வார்த்த திருப்பிக் கேக்கறதுக்கு இன்னா?" என்று திட்டினாள். கட்டுப் போட்டவள் நண்டை இடது கையில் வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். வலது கையின் மிச்ச விரல்களில் சொம்பை மாட்டித் தண்ணீர் ஊற்றினாள். நாங்கள் வாசலில் நின்றோம்.

கொக்கியை உள்ளே விட்டுத் திருகி இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திருகினாள். முடி கொஞ்சம் மேலே வந்து வழுக்கி உள்ளேயே போயிற்று. இன்னொரு தரம் செய்தாள், அதே கதை. அவள் எங்கள் பக்கம் திரும்பாமல், குனிந்தபடியே, "பரவால்லமா. நல்லாத்தான் கீது. எனக்குத்தான் கை வரல" என்றாள்.

நான் எங்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு, நானே இழுத்துக்கொண்டு வந்து இன்னொரு தரம் அடி வாங்கவைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இதற்கு அவள் ஹாஸ்டலிலேயே இருந்திருக்கலாம்.

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஈரத் தரையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "மறுபடி திருப்புங்க அக்கா. மெதுவா" என்றாள். மணிக்கட்டையே பார்த்தாள். தன் வலது கையைக் காற்றில் ஒரு பக்கம் திருகினாள், இடது கையை மறுபக்கம் திருகினாள். நண்டைப் பிடுங்கிக்கொண்டாள். "பிளேயர்!" என்று கையை மட்டும் பின்னால் நீட்டினாள். நல்ல வேளை, என் பையில் கட்டிங் பிளேயர் எப்போதும் இருக்கும். இடது கை எதிர்ப்பக்கம்தான் திருகும் என்று அதற்குள் எனக்கும் உறைத்தது. அவள் செய்து வைத்திருந்த கொக்கிகள் எல்லாம் வலது கைக்கு வளைத்தவை. ஒவ்வொரு கொக்கியாக நிமிர்த்தி, எதிர்ப்பக்கம் வளைக்க ஆரம்பித்தாள். பாவாடை முழுக்கச் சந்தனத் தண்ணீர்.

கம்பி கெட்டி, சட்டென்று வளையவில்லை. சாயங்கால ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மற்ற பெண்கள் முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தொடங்கினார்கள். கட்டுப் போட்டவள் அவள் தோளைத் தொட்டு, "போதும் வுடும்மா. உனக்கு ஊருக்குப் போற வேல கீது. அவசரம் ஒண்ணியும் இல்ல" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எங்கள் பெண் தலையைத் தூக்கவில்லை. மூன்றாவது கம்பியைப் பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்தபடி,

"எனக்கு அவசரம் அக்கா" என்றாள்.

தமிழில் சொன்னாளா தெலுங்கில் சொன்னாளா என்று யாரும் கேட்கவில்லை. கட்டுப் போட்டவள் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.